அம்மாவின் கட்டம் போட்ட கைலி

அலமாரி நிறையத் துணி இருந்தும் “உடுத்த ஒன்றுமே இல்லை” என்று சொல்லி, ஒவ்வொரு தீபாவளிக்கும் என் மகள் என்னை ஈப்போ லஹாட் சாலைக் கடைகளுக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். உங்கள் வீட்டிலும் இந்தக் கதைதானே? கடையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் ஒரு கைலிதான் நினைவுக்கு வரும்.

கட்டம் போட்ட கைலி. மலாய்க்காரர்கள் அதைக் ‘காயின் பெலிக்காட்’ என்பார்கள். அந்தப் பெலிக்காட் வேறொன்றுமில்லை, சென்னைக்கு வடக்கே உள்ள நம் பழவேற்காடுதான். 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி, அந்தக் கரைத் துணிகளை இந்தப் பக்கத்துத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். நம் பாட்டன்மார் பால்மரம் வெட்ட வருவதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்த்துணி வந்து சேர்ந்துவிட்டது!

எங்கள் வீட்டுக் கைலி முதலில் அப்பாவுடையது. தம்பி பிறந்ததும் ஸ்பிரிங்கில் மாட்டித் தொட்டிலானது. அவன் நடக்கத் தொடங்கியதும் அம்மாவின் வெட்டுத் துணியானது. இருட்டோடு பெரட்டுக்குப் போகும்போது அதைத் தூக்கிக் கட்டி, மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலைத்துண்டை இறுக்கி, இடுப்பில் கொசுவத்தியைத் தொங்கவிட்டுக்கொள்வார். பால் பட்ட இடமெல்லாம் கறுத்துத் தடித்துவிடும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது.

வேளைக்குத் தக்கபடி உடுப்பை மாற்றிக்கொள்ள நம் பெண்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1943-இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள், சேலையை மடித்து வைத்துவிட்டுக் கால்சட்டையும் தொப்பியும் அணிந்து துப்பாக்கி பிடித்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். ஆனால் என் கதை வேறு. அதை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

1993-ஆம் ஆண்டு, தமிழ்ப்பள்ளி முடித்துப் பட்டணத்தில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தேன். கையெழுத்துப் போடப் பெற்றோர் வரவேண்டும் என்றார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் அம்மா பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, நேராகப் பஸ் பிடித்து வந்தார். வேலைக் கைலியைக் கழற்ற நேரமில்லை. சட்டையை மட்டும் கழற்றிவிட்டு, கைலியையே உள்பாவாடையாக்கி, கூடையில் கொண்டு வந்த வாயில் சேலையை மேலே சுற்றியிருந்தார். அவசரத்தில் சேலை ஏறிப்போய், கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் கறை படிந்த கட்டம் தெரிந்தது. ஒட்டுப்பால் வாடை வேறு.

“யார் அது?” என்று பக்கத்தில் இருந்த தோழி கேட்டாள்.

“பக்கத்து வீட்டு அத்தை” என்றேன்.

அம்மா எட்டடி தூரத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று போய்விட்டார். இரவு வழக்கம்போல எனக்குச் சோறு போட்டார். அதன் பிறகு அந்தப் பள்ளிக்கு எது என்றாலும் அப்பாதான் வருவார்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் மாறுவேடப் போட்டி நடந்தது. டாக்டர்கள் நான்கு பேர், பாரதியார் மூன்று பேர். (மீசைதான் ஒன்றும் நிற்கவில்லை.) கடைசியாக, நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி பால்மரம் வெட்டும் பெண்ணாக வந்தாள். எங்கள் தோட்டத்தில் இப்போது எல்லாம் செம்பனை. அவள் பால்மரமே பார்த்திருக்க மாட்டாள். கைலி சரி, சட்டை சரி. தலைத்துண்டுதான் கல்யாண மாப்பிள்ளையின் தலைப்பாகை மாதிரி இருந்தது. நடுவராக உட்கார்ந்திருந்த நான் பொறுக்கமாட்டாமல் மேடையேறி, அவிழ்த்துக் கட்டிவிட்டேன். கைக்கு அது மறக்கவில்லை.

“எப்படி டீச்சர் உங்களுக்குத் தெரியும்?”

“எங்கம்மா இப்படித்தான் கட்டுவாங்க.”

ஒலிவாங்கி அணைக்கப்படாமல் இருந்திருக்கிறது. மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

மாலையில் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முடிச்சைப் பின்னால போட்டியா, பக்கத்துல போட்டியா?” என்று கேட்டார்.

“பின்னாலதாம்மா” என்றேன்.