ஒன்பது டப்பாக்கள்

ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிற்றுக்கிழமையோடு அட்வென்ட் காலம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வீடுகளில் ஓவன் ஆறுவதே இல்லை. நாங்கள் இருக்கும் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கிறிஸ்துமஸ் குக்கிகளை 'குட்ஸ்லெ' என்பார்கள். நவம்பர் கடைசியில் அலுவலகக் காபி மெஷின் அருகே இரண்டு பேர் நின்றால் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்: "இந்த வருஷம் எத்தனை வகை?" ருசி, பக்குவம் எல்லாம் பிறகு. முதலில் எண்ணிக்கை.

ஸ்வீடன்காரர்கள் இதற்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். காபி விருந்தில் ஏழு வகை பிஸ்கட் இருக்கவேண்டும். குறைந்தால் கஞ்சத்தனம், கூடினால் பகட்டு. 1945இல் வெளிவந்த அவர்களுடைய பிரபலமான பலகாரப் புத்தகத்தின் பெயரே 'ஏழு வகை பிஸ்கட்'தான். நார்வேயில் கிறிஸ்துமஸுக்கு இதே ஏழு. எங்கள் பக்கத்தில் உச்சவரம்புச் சட்டம் ஏதும் கிடையாது.

போன டிசம்பரில் என் கணக்கு ஒன்பது. 23ஆம் தேதி இரவு ஒன்பது தகர டப்பாக்களையும் மூடி அடுக்கிவிட்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். கை கால் வலி பெரிதாக இல்லை. எழுந்து போக ஒரு காரணமும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாளில் பண்டிகை. அது வராமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

குக்கி சுடுவது எனக்குப் பிடித்த வேலை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருள்காரிக்கு அதில் ரசிக்க நிறைய இருக்கிறது. உதாரணமாக முட்டை. அச்சில் வெட்டும் வெண்ணெய்க் குக்கிக்கு மஞ்சள்கரு போதும். மிஞ்சும் வெள்ளைக்கரு, மாவே சேர்க்காமல் பாதாம் பொடியும் பட்டைப் பொடியும் போட்டுச் செய்யும் 'சிம்ட்ஸ்டெர்ன்' நட்சத்திரங்களுக்குப் போகும். அதிலும் மிஞ்சினால் தேங்காய் மக்ரோன். எதற்குப் பின் எது என்று வரிசை போட்டுவிட்டால் ஒரு துளி வீணாகாது. பிறை வடிவ 'வனிலக்கிப்ஃபெர்ல்' மீது சூடு ஆறுவதற்குள் சர்க்கரையைத் தூவவேண்டும். ஆறிவிட்டால் ஒட்டாது, சூட்டில் அவசரப்பட்டுத் தூக்கினால் ஒடிந்துவிடும். 'ஸ்ப்ரிங்கர்லெ'யைச் செதுக்கிய மர அச்சில் அழுத்தி எடுத்து, ஒரு நாள் காயவிட்டுச் சுடவேண்டும். காய்ந்த மேல்பக்கம் அச்சின் சித்திரத்தோடு வெள்ளையாக அப்படியே நிற்க, அடிப்பக்கம் மட்டும் பொங்கிக் குட்டிக் கால் முளைத்த மாதிரி உயரும். முதலில் கல் போல இருக்கும். டப்பாவில் சில வாரம் கிடந்தால்தான் மென்மையாகும். அதனால் அதைத்தான் முதலில் முடிக்கவேண்டும்.

இதெல்லாம் சந்தோஷமான வேலை. அப்படியானால் அந்த 23ஆம் தேதி இரவுக்கு என்ன பெயர்?

'பர்ன் அவுட்' என்ற சொல்லை உளவியலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பெர்ட் ஃப்ராய்டன்பெர்கர். 1974இல் எழுதிய கட்டுரையில், நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் தானும் உடன் உழைத்தவர்களும் மெல்ல மெல்லக் கருகிப்போனதை அவர் விவரித்தார். அங்கே வந்தவர்களில் பலர் தன்னார்வலர்கள். ஈடுபாடு அதிகமுள்ளவர்கள்தான் முதலில் விழுகிறார்கள் என்பது அவர் கண்டது. 2019இல் ஏற்கப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: இது பணியிடம் சார்ந்தது மட்டுமே, வாழ்க்கையின் மற்றப் பகுதிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆக, காசு வாங்காமல் பிரியத்துக்காக உழைத்தவர்களைப் பார்த்துப் பிறந்த சொல், இன்று என் சமையலறைக்குள் வர அனுமதி இல்லாமல் வாசலிலேயே நிற்கிறது.

வாசலில் நிற்கும்போது நமக்குக் கிடைப்பது அறிவுரைதான். "எதுக்கு ஒன்பது? மூணு வகை போதுமே." எல்லோரும் சொல்வார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன், எதை வெட்டலாம் என்று. முட்டை சேர்க்காத, வெண்ணெயைப் பொன்னிறமாக உருக்கிச் செய்யும் 'ஹைடசாண்ட்', முட்டை சாப்பிடாத ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக. தேங்காய் மக்ரோன், கோதுமை ஒத்துக்கொள்ளாத என் அணித் தோழிக்காக. ஆண்டு விருந்துகளில் அவள் வெறும் தட்டோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பாதாம், முந்திரி எதுவும் இல்லாத வெண்ணெய்க் குக்கி மகளின் கிண்டர்கார்டனுக்கு. ஸ்ப்ரிங்கர்லெ மேல்மாடிப் பாட்டிக்கு. இந்தக் கட்டடத்தில் அதைச் செய்யும் கடைசி ஆள் அவராகத்தான் இருந்தார், விரல் முடங்கியபின் மர அச்சை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒன்பதாவது அச்சுமுறுக்கு, மகளுக்கு நாகர்கோவில் ருசி தெரியவேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு ஆள் இருக்கிறார். வகையைக் குறை என்றால், ஆளைக் குறை என்று அர்த்தம்.

மிகாயலா டி லியோனார்டோ என்ற மானுடவியலாளர் 1987இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: உறவு வேலை. கலிஃபோர்னியாவின் இத்தாலிய-அமெரிக்கக் குடும்பங்களில் வாழ்த்து அட்டை எழுதுவது, யாரைக் கூப்பிடுவது என்று நினைவு வைப்பது, பண்டிகைச் சாப்பாட்டை ஒருங்கிணைப்பது என்று வீடுகளுக்கு நடுவே போக்குவரத்து அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் உழைப்பு முழுக்கப் பெண்கள் கையில் இருந்ததை அவர் பதிவு செய்தார். அதை ஓய்வுநேரச் சங்கதி என்று ஒதுக்க முடியாது, உழைப்பின் கணக்கிலேயே எழுதவேண்டும் என்பது அவர் வாதம்.

இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். சிரித்தாள். "நாங்க அஞ்சு பேரு கூடிச் செய்யதை நீ ஒத்தையில செஞ்சா முதுகு ஒடியாதா மக்களே?" உண்மைதான். டிசம்பர் பாதியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் வந்துவிடுவார்கள். ஒருவர் முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுப்பார், ஒருவர் பாகு காய்ச்சுவார், ஒருவர் அச்சைத் தட்டி முறுக்கை எண்ணெயில் விடுவார். அதை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தவள், அன்று வேறொன்று கேட்டேன். "யாரு வீட்டுக்கு எது போகணும்னு யாரும்மா ஞாபகம் வச்சிருந்தா?" அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அது நாந்தான். வேற யாருக்குத் தெரியும்?" கை அஞ்சு ஜோடி இருந்தது, தலை ஒன்றுதான். கிறிஸ்துமஸ் மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அம்மா அடுக்களைச் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருப்பாள். நாங்கள் அதை ஒரு வேடிக்கையாகவே நினைவு வைத்திருக்கிறோம்.

என் கணவர் உதவாதவர் இல்லை. மாவு பிசைவார், தட்டு கழுவுவார். "என்ன செய்யணும்னு சொல்லுப்பா, செஞ்சிடறேன்" என்பார், மனசாரத்தான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஏன் அப்படி எரிச்சல் வருகிறது என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். பதில் அலுவலகத்தில் கிடைத்தது. எங்களுக்கு 'ஆன்-கால்' முறை உண்டு. அந்த வாரம் சர்வர் ராத்திரியில் விழுந்தால் நான்தான் எழவேண்டும். ஒரு அழைப்புகூட வராத வாரத்துக்கும் படி உண்டு. ஏனென்றால் போன் அடிக்கலாம் என்று தெரிந்து தூங்கும் தூக்கம் பாதித் தூக்கம் என்று நிர்வாகத்துக்கும் தெரியும். வாரம் முடிந்தால் பொறுப்பு அடுத்தவருக்கு மாறிவிடும். முறை வந்தவர் என்னிடம் வந்து "சொல்லு, என்ன செய்யணும்" என்று கேட்பதில்லை. வீட்டில் மட்டும் என் முறை மாறவே இல்லை.

இந்த வருடம் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினேன். வகைகளை எழுதவில்லை, ஆட்களின் பெயர்களை எழுதினேன். பாதியை அவர் எடுத்துக்கொண்டார்: கிண்டர்கார்டன், தமிழ்க் குடும்பம், மேல்மாடிப் பாட்டி. யாருக்கு என்ன, எப்போது, சுடுவதா வாங்குவதா, எல்லாம் அவர் முடிவு. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு ஷரத்து. நான் நினைவூட்டக் கூடாது.

இன்று இரண்டாவது அட்வென்ட் ஞாயிறு. ஸ்ப்ரிங்கர்லெ மென்மையாக வேண்டுமென்றால் போன வாரமே சுட்டு டப்பாவில் போட்டிருக்கவேண்டும். மர அச்சு இன்னும் அலமாரியில் அதே இடத்தில்தான் இருக்கிறது. காலையில் மாடிப்படியில் பாட்டியைப் பார்த்தேன். "உங்க வீட்டில் சோம்பு வாசனை இன்னும் வரக்காணோமே" என்றார். "அதை இந்த வருஷம் அவரிடம்தான் கேட்கணும்" என்றேன். பாட்டி கைப்பிடியைப் பற்றியபடி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "என் கணவரிடம் நான் அறுபது வருஷத்தில் ஒருமுறைகூட விட்டதில்லை" என்று சொல்லிவிட்டு மெல்லப் படியேறினார். அது பாராட்டா வருத்தமா என்று புரியவில்லை.

அவர் கூடத்தில் மகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறார். நான் என் தேங்காயைத் துருவிக்கொண்டிருக்கிறேன்.