கமலைச் சால்

கம்பம் பள்ளத்தாக்கு என்றவுடன் கால்வாய் நீர் பாயும் நெல்வயல்களே பலர்க்கு நினைவில் எழும். 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பட்டபின், மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் பகுதி வயல்களை வளப்படுத்தலாயிற்று. ஆனால், அந்நீர் ஏறாத மேட்டு நிலங்களும், ஆண்டிபட்டி வட்டாரத்துத் தோட்டங்களும் கிணற்றையே நம்பியிருந்தன. மின்விசைப் பொறி வருமுன் அக்கிணற்று நீரை மேலேற்றியது கமலை. கமலைக்கு உயிர்நிலை, சால் என்னும் பெருவாளி.

சால் வாங்குதல் எளிய செயலன்று. கோடையில் அது பழுதுபட்டால் சில நாள்களிலேயே மிளகாய்ச் செடி தலைசாய்ந்துவிடும். தோலாற் செய்த சால் எடை குறைந்தது. கிணற்றுக் கல்லில் மோதினும் உடையாது. ஆயினும், நனைந்தும் காய்ந்தும் விறைத்து வெடிக்கும். அடிக்கடி எண்ணெய் இடல் வேண்டும். இரும்புத் தகட்டுச் சாலோ பல்லாண்டு உழைக்கும். ஆனால், அதன் எடையையும் மாடுகள் ஒவ்வொரு முறையும் இழுத்தாக வேண்டும்.

உழவர் இவ்விரண்டையும் இணைத்துக் கொண்டனர். இரும்புச் சாலின் திறந்த அடிப்புறத்தில், யானைத் துதிக்கை போன்றதொரு தோல் வாலைப் பொருத்தினர். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு சாலினை மேலே இழுக்கும். வால்கயிறு வாலின் வாயை மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருக்கும். சால் கிணற்றின் விளிம்பைக் கடந்ததும், வால் தாழ்ந்த உருளையின் மீது தொட்டிக்குள் இழுபடும். நீர் தானே கொட்டும். சாலினைக் கவிழ்க்க மற்றோர் ஆள் வேண்டுவதில்லை. எத்துணை நுட்பம்!

இனி, அளவு. பெரிய சால் நிறைய இறைக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால், நூறு லிட்டர் நீரே நூறு கிலோ எடை உடையது. அதன்மேல் சாலும் வடமும் உள்ளன. நூறு லிட்டர்ச் சாலினை மணிக்கு 30 முறை இழுக்கும் மாடுகள், 150 லிட்டர்ச் சாலினை 15 முறையே இழுக்கக்கூடும் என்று கொள்வோம். முன்னதால் 3,000 லிட்டரும், பின்னதால் 2,250 லிட்டருமே கிடைக்கும்! மாடுகள் நுரைதள்ளி நிற்பது தனி. ஆதலின் பழகிய உழவர், முதலில் தம் மாடுகளையும், அடுத்துக் கிணற்றின் ஆழத்தையும் எண்ணிய பின்னரே கொல்லரிடம் அளவு கூறுவர்.

பாய்மரப் படகினர்க்கும் இக்கணக்குத் தெரியும். ஓடும் படகிலிருந்து பெருவாளியைக் கடலில் விட்டால், நீர் அதனைப் பற்றி ஆளையே இழுத்துவிடும். எனவே, ஒரு கையால் தூக்கத்தக்க சிறுவாளியே அவர்க்கு ஏற்றது. மடக்கி வைக்கத்தக்க கித்தான் வாளிகளையும் மாலுமிகள் கையாண்டனர்.

மின்விசைப் பொறிகள் பரவவே கமலைகள் ஓய்ந்தன. உருளை தாங்கிய கல்தூண்கள் மட்டும் சில பழங்கிணறுகளின் விளிம்பில் இன்றும் நிற்கின்றன.