புனமும் போரும்

பங்குனி மாதத்து இரவு. விடுதி மொட்டைமாடியில் நானும் என் அறைத்தோழனும் நின்றிருந்தோம். தொலைவில் வேதாள் குன்றின் சரிவில் காய்ந்த புல் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

"எங்கள் மலைகளிலும் இந்த மாதத்தில்தான் தீ வைப்போம்" என்றான் அவன். அவன் மிசோரத்தைச் சேர்ந்தவன்.

"காட்டை எரித்துப் பயிரிடுவதும் ஒரு வேளாண்மையா?" என்று கேட்டுவிட்டேன். முதுநிலைத் தாவரவியல் மாணவன் என்ற செருக்கு என்னை அப்படிக் கேட்க வைத்தது.

அவன் சினம் கொள்ளவில்லை. "பாட்டி இருந்திருந்தால் உனக்கு விடை சொல்லியிருப்பாள்" என்றான். பிறகு பாட்டி அவனுக்குச் சொன்னவற்றை எனக்குச் சொன்னான்.

பனிக்காலத்தில் ஒரு சரிவிலுள்ள மூங்கிற்காட்டை வெட்டிக் காயவிடுவார்கள். மார்ச்சில் எரிப்பார்கள். சாம்பலே எரு. ஏரும் இல்லை, மாடும் இல்லை. மழை வந்ததும் குழியிட்டு நெல் விதைப்பார்கள். அதனூடே சோளமும் பூசணியும் மிளகாயும் வளரும். புனத்தின் நடுவே ஒரு குடிசை. அங்கே தங்கிக் காவல் காப்பார்கள். ஓரிரண்டு ஆண்டுகளில் அச்சரிவை விட்டுவிடுவார்கள். காடு மீண்டும் வளர்ந்து மண் தேறிய பிறகே அங்கே திரும்புவார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு நாணமாக இருந்தது. தினைப்புனம், பரண், கிளியோட்டும் பெண் என்று குறிஞ்சியைப் போற்றித் தேர்வு எழுதியவன் நான். அந்தப் புனமும் மரத்தை வெட்டிச் சுட்ட புனந்தானே!

1959-இல் அம்மலைகளில் மூங்கில் பூத்தது. எலிகள் பெருகி விளைச்சலைத் தின்றன; பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்காகத் தோன்றிய அமைப்பே பின்பு லால்தெங்காவின் தலைமையில் மிசோ தேசிய முன்னணியாயிற்று. 1966 மார்ச் 1-இல் அது விடுதலையை அறிவித்துப் போரில் இறங்கியது. மார்ச் 5-இல் விமானங்கள் ஐசால் நகரைத் தாக்கின.

1967 சனவரியில் ஊர்களைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் சாலையோர மையங்களில் அடைக்கப்பட்டன. கைவிட்ட ஊர்களும் களஞ்சியங்களும் தீக்கிரையாயின. ஆங்கிலேயர் 1950 முதல் மலாயாவில் கையாண்ட முறை இது. அங்கே தோட்டத்துத் தமிழரும் வேலிக்குள் வைக்கப்பட்டனர். அதே காலத்தில் லாவோஸ் மலைகளில் மங் மக்களின் புனங்களையும் போர் விழுங்கிக்கொண்டிருந்தது.

காலையில் மையத்தை விட்டுப் போனால் மாலைக்குள் திரும்ப வேண்டும். பழைய புனமோ நெடுந்தொலைவு. இரவுக்காவல் இல்லையென்றால் காட்டுப்பன்றிக்குத்தான் விளைச்சல். ஆகவே பக்கத்துச் சரிவுகளையே திரும்பத் திரும்ப வெட்டினார்கள். மண் இளைத்தது, மக்கள் அளந்து கொடுத்த அரிசிக்குக் காத்து நின்றார்கள். காட்டை அழிக்கும் வேளாண்மை என்று நான் இகழ்ந்தேனே, அந்த அழிவில் போருக்கும் பங்கு உண்டு.

"ஊரை விட்டபோது பாட்டிக்குப் பன்னிரண்டு வயது. அவள் தாய் பாத்திரங்களை விட்டுவிட்டு ஒரு கூடை விதைநெல்லை முதுகில் சுமந்து வந்தாளாம். அந்த ஆண்டு விதைக்க இடம் கிடைக்கவில்லை" என்று நிறுத்தினான்.

"அந்த நெல்?" என்றேன்.

"மழைக்காலத்தில் குத்திச் சமைத்துவிட்டார்கள். பாட்டி அதை மட்டும் மறக்கவேயில்லை."

எனக்குத் தொண்டை அடைத்தது. பட்டினி கிடந்தாலும் விதைநெல்லைத் தொடாதே என்று சொல்லி வளர்க்கும் நாட்டிலிருந்து வந்தவன் அல்லவா நான்!

1986 சூன் 30-இல் உடன்பாடு ஏற்பட்டது; மறு ஆண்டு மிசோரம் மாநிலமாயிற்று. அமைதி இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் பாட்டியின் பழைய ஊர் இருந்த இடத்தில் இன்று மூங்கிற்காடுதான் இருக்கிறதாம்.

குன்றில் தீ அணைந்துவிட்டது. "நான் கேட்டது தவறு" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே என் தோளில் கை வைத்தான்.

நண்பர்களே, இரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தும் அவன் பாட்டியைப் பற்றி நான் ஒரு சொல் கேட்டதில்லை. உங்கள் அறைத்தோழரிடம் நீங்கள் கேட்டதுண்டா?