பழைய நாளை அறிந்தவன்

ஊரை விட்டு விரட்டப்பட்டவனுக்குப் போன இடத்தில் முதலில் வேண்டியது என்ன? வீடு என்பார்கள், வேலை என்பார்கள். இரண்டும் வேண்டியவைதாம். ஆனால், அவன் முன்பு யாராக இருந்தான் என்பதை அறிந்த ஒரு மனிதன் பக்கத்தில் இருப்பதுதான் பெரிய ஆறுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. கதை எழுதுகிறவனின் பைத்தியக்காரத்தனமோ என்னவோ! ருடால்ப் பெல்லிங் என்ற ஜெர்மன் சிற்பியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்த நினைவு வருகிறது.

பெல்லிங் பெர்லின்காரர், 1886-இல் பிறந்தவர். 1919-இல் அவர் செய்த 'மூவொலி' என்ற சிற்பத்தின் படத்தை வெகு நேரம் பார்த்திருக்கிறேன். மூன்று வடிவங்கள் கூடி நடனமாடுவது போல எழும்புகின்றன. அவற்றின் நடுவே இருக்கும் வெற்றிடமும் சிற்பத்தில் சேர்த்திதான் என்பது அவர் கட்சி.

இட்லர் ஆட்சிக்கு இது பிடிக்குமா? 1937 ஜூலையில் மியூனிக் நகரில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு கண்காட்சிகள் திறந்தார்கள். 'சீர்கெட்ட கலை' என்று பரிகசிக்க வைத்ததில் 'மூவொலி' நின்றது. 'மகத்தான ஜெர்மன் கலை' என்று மெச்ச வைத்ததில் அதே பெல்லிங் செய்த குத்துச்சண்டை வீரர் ஷ்மெலிங்கின் சிலை நின்றது! ஒரே கை, ஓரிடத்தில் மாலை, ஓரிடத்தில் செருப்படி. குட்டு வெளிப்பட்டதும் பரிகாசக் கண்காட்சியிலிருந்து அவருடைய சிற்பங்களைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

அந்த வருஷமே பெல்லிங் இஸ்தான்புல் வந்து, நுண்கலைக் கல்லூரியில் சிற்பத் துறைக்குத் தலைவரானார். சிபாரிசு செய்தவர் கட்டடக் கலைஞர் பெல்சிக். அவரும் அங்கே வர இருந்தவர்தான். புறப்படும் முன்பே 1936-இல் காலமாகிவிட்டார். அவர் வரவேண்டிய இடத்துக்கு வந்தவர் புரூனோ டாவுட்.

டாவுட்டும் நாடிழந்தவர். 1933-இல் ஜெர்மனியை விட்டு ஜப்பானில் மூன்று வருஷம் காலம் தள்ளியவர். முதல் உலகப் போர் முடிந்த கையோடு பெர்லினில் புதுக் கலைக்குக் கொடி பிடித்த கூட்டத்தில் இவரும் உண்டு, பெல்லிங்கும் உண்டு. இருபது வருஷம் கழித்து, பாஸ்பரஸ் கரையில் ஒரே கல்லூரியில் இரண்டு பேரும் வாத்தியார்கள்! அயலூர்க்காரன் என்ற செருக்கில்லாமல், பதினாறாம் நூற்றாண்டில் மசூதிகள் எழுப்பிய சினானை டாவுட் தம் குருமார்களில் ஒருவராகவே கொண்டாடினார். வந்த இடத்தின் பெரியவரை வணங்கத் தெரிந்தவனுக்கு அந்த இடம் அந்நியமாகாது.

அந்தத் தோழமைக்கு ஆயுள் சொற்பம். 1938 நவம்பரில் அதாதுர்க் மறைந்தபோது, அவர் சடலத்தை வைக்கும் மேடையை வடிவமைத்தவர் டாவுட். டிசம்பர் 24-ஆம் தேதி அவரும் போய்விட்டார், வயது 58. எதிர்னேகாபியில் துருக்கியர் தம் தியாகிகளைப் புதைக்கும் மயானத்தில் இந்த ஜெர்மானியருக்கும் இடம் தந்தார்கள்.

பெல்லிங் அந்த நாட்டில் 1966 வரை இருந்தார். அதிபர் இனோனு குதிரைமேல் அமர்ந்த சிலையை 1940-களில் செய்தார். தக்சீம் சதுக்கத்தில் அதற்குப் பீடம் கட்டியாயிற்று. 1950 தேர்தலில் ஆட்சி மாறியது. சிலை கிடங்கில் கிடந்தது. வேறொரு பூங்காவில் அதை நிறுத்தியது 1982-இல். பெல்லிங் 1972-லேயே ஜெர்மனியில் கண்ணை மூடிவிட்டார்.

தோழனுக்குக் கல்லறை கிடைத்தது. இவருக்கு வெறும் பீடம். ஆனாலும் மனிதர் வகுப்பை விடவில்லை. தம் புதுமையை மாணவர் தலையில் கட்டாமல், மனித உடலைப் பார்த்து மண்ணில் பிடிக்கும் பாலபாடத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார். இல்கான் கோமான், குஸ்குன் அஜார் போன்றவர்கள் அவரிடம் படித்துத் தங்கள் வழியே போனார்கள்.

பழைய பெர்லினை அறிந்த தோழன் போனபின், இஸ்தான்புல்லில் தம்மை அறிந்தவர்களை அவர் தாமே வளர்த்துக்கொண்டார். அகதிக்கு இதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.