போய் வருகிறோம்

விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்லலாகாது என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். ‘போய் வருகிறேன்’ என்றே சொல்ல வேண்டும். மாற்றிச் சொல்லிவிட்ட பிள்ளையை நிறுத்தித் திருத்திய பின்பே பாட்டிமார் படியிறங்க விடுவர். பக்கத்து ஊருக்குச் செல்கையில் இச்சொல் எளிதாக வந்துவிடுகிறது. இடையில் ஒரு கடலும், வழியனுப்புபவருக்கு 86 வயதும் இருக்கும்போது அதே சொல் நாவில் கனக்கிறது.

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் பினாங்குத் தீவுக்குச் சென்று, தஞ்சோங் பூங்காவில் கடலோரமாக இருக்கும் அத்தை வீட்டில் பத்து நாள்கள் தங்கியிருந்தோம். அத்தை என்பவர் எங்கள் தந்தையாரின் சிற்றப்பா மகள். அச்சிற்றப்பா நாகப்பட்டினத்தில் தனியாகக் கப்பலேறியவர். மகளிரோடு கடற்பயணம் இல்லை என்னும் தொல்காப்பிய விதியை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் சில ஆண்டுகள் கழித்தே மனைவியை அழைத்துக்கொண்டார். அத்தை பிறந்தது பினாங்கில்தான். சிறுமியாக இருந்தபோது இருமுறை ரஜூலா கப்பலில் நாகைக்கு வந்து சென்றிருக்கிறார். ரஜூலாவுக்குப் பின் சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது தீவிபத்துக்கு உள்ளான பின் அந்தக் கடல்வழி அற்றுப்போயிற்று. எங்கள் இரு குடும்பங்களுக்கும் இடையில் அதன்பின் எஞ்சியவை அத்தையின் கடிதங்கள் மட்டுமே.

மழை ஓய்ந்த காலைகளில் அவ்வீட்டு முற்றத்தில் நின்றால், கடலுக்கு அப்பால் நீலமாக ஒரு மலை தெரியும். கெடா மாநிலத்துக் குனோங் ஜெராய். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பொருள்களுள் காழகத்து ஆக்கத்தையும் எண்ணுகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என உரை வகுத்தார் நச்சினார்க்கினியர். ஆண்டுதோறும் வகுப்பறையில் நாம் சொல்லிக் கடக்கும் அக்கடாரத்தை, “அதுதான் கெடா மலை, இன்னைக்கு மழை வராது” என்று அத்தை விரல் நீட்டிக் காட்டினார்.

புறப்படும் நாளன்று ஒவ்வொன்றும் தாமதமாயிற்று. “பசியாறிட்டுத்தான் போகணும்” என்றார் அத்தை. பசியாறினோம். கட்டிய பெட்டியைத் திறந்து ஜாதிக்காய் ஊறல் பொட்டலங்களை வைத்தார். மீண்டும் தேநீர் வந்தது. செலவழுங்கல் என்பது செல்லாமல் விடுவதன்று, பிரிவால் வருந்துபவரை ஆற்றுவிப்பதற்காகச் சற்றே தள்ளிப்போடுவது என்கிறது தொல்காப்பியம். அது தலைவன் தலைவியை ஆற்றுவிப்பது. இங்கோ யார் யாரை ஆற்றுவித்தோம் என்பது விளங்கவில்லை.

அத்தையின் பன்னிரண்டு வயதுப் பேத்தி “ஸெலாமாட் ஜாலான்” என்று கையசைத்தாள். மலாய் மொழியில் விடைபெறுவதற்கு இரு சொற்கள் உண்டு. இருப்பவர் செல்பவருக்குச் சொல்வது ‘ஸெலாமாட் ஜாலான்’, நலமாகச் செல்க. செல்பவர் இருப்பவருக்குச் சொல்வது ‘ஸெலாமாட் திங்கால்’, நலமாக இருங்கள். அழகான வாழ்த்துகள்தாம். செல்வோரையும் இருப்போரையும் அவை அவரவர் இடத்தில் நலமாக விடுகின்றன. தமிழ்ச்சொல்லோ அவ்வாறு விடுவதில்லை. போவதற்குள்ளேயே வருவதையும் வைத்துக் கட்டிவிடுகிறது. அதைச் சொல்பவர் வாழ்த்துவதோடு நிற்காமல் வாக்கும் கொடுக்கிறார்.

தன்னைப் பாடிய பொருநனை ஏழடி பின்சென்று வழியனுப்பினான் கரிகாலன் என்கிறது பொருநராற்றுப்படை. வாசலிலிருந்து வெளிக்கதவு வரை அத்தை ஊன்றுகோலுடன் நடந்தது பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். ‘போய் வருகிறோம்’ என்றோம். கூடுதலாக, “அடுத்த விடுமுறைக்கு வந்துவிடுகிறோம் அத்தை” என்றும் சொன்னோம். அவர் சிரித்தார்.

“நான் இருந்தாலும் வாங்க தம்பி, இல்லாட்டியும் வாங்க. இந்தப் புள்ளைக்கு உங்களைத் தெரியணும்” என்று பேத்தியின் தோளில் கை வைத்தார்.

அந்த வாக்கை அத்தை தமக்காகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கப்பல் நின்ற பின்னும் இக்கரையையும் அக்கரையையும் தனியொருவராய்ப் பிணைத்திருந்த கயிற்றை அவர் வேறொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் மகளும் அப்பெண்ணும் கைப்பேசியில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆயினும் அவள் எங்கள் மகளை விளிக்கும் ‘அக்கா’ தமிழில் வருகிறது.