தாழியும் மணியும்

மழை ஓய்ந்த மறுநாள் காலையில், குயிலாப்பாளையத்தின் செம்மண் ஓடைகளில் சிறுவர்களாகிய நாங்கள் எதையேனும் தேடி அலைவோம். நீர் அரித்த கரைகளில் கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் தலைகாட்டும். அவற்றைச் சில்லாக்கி விளையாடுவோம்.

ஒருநாள் கரைச்சரிவில் பெரிய பானையொன்றின் விளிம்பு தெரிந்தது. உள்ளே பொன் இருக்கும் என்றான் நண்பன். கல்லால் உடைத்தோம். பொன் இல்லை, மண்ணும் எலும்புச் சில்லுகளும் துருவேறிய இரும்புத் துண்டு ஒன்றுமே இருந்தன. இரும்பை ஓடையில் வீசிவிட்டு வீடு திரும்பினோம். செய்தியைக் கேட்ட பாட்டி, "ஏண்டா, செத்தவங்க வீட்டையா இடிச்சீங்க?" என்றார். அது முதுமக்கள் தாழி என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

கல்லூரி நாளில் ஒருமுறை புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டிற்குச் சென்றேன். மண்ணில் கிடந்த கடுகளவு நீலக் கண்ணாடி மணியை எடுத்துவந்து ஆசிரியரிடம் பெருமையுடன் காட்டினேன். "எந்த இடத்தில், எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது?" என்று அவர் வினவினார். என்னிடம் விடையில்லை. "அப்படியானால் இது அழகாக இருக்கும், பேசாது" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் அரிக்கமேட்டின் வரலாற்றைப் படித்தபோது விளங்கியது. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கு அடுக்கடுக்காக அகழ்ந்தார். இத்தாலியில் செய்யப்பட்ட அரிட்டைன் மட்கல ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் முன்பே அறியப்பட்டிருந்தது. எனவே, அவற்றோடு சேர்ந்து கிடந்த நம் நாட்டு மட்கலங்களின் காலத்தையும் கணிக்க முடிந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மேற்கொண்ட அகழாய்வு, அவ்வூரின் தொன்மையை மேலும் பின்னோக்கி நகர்த்தியது. பொருள்கள் கிடந்த இடத்திலேயே கிடந்ததால் விளைந்த அறிவு இது.

இங்கிலாந்தில் பலர் உலோகங்காட்டும் கருவியைக் கொண்டு பழைய பொத்தான்களையும் ஊசிகளையும் தேடுகின்றனர். கண்டெடுத்த இடத்தோடு அவற்றைப் பதிவு செய்வதற்கென அங்கே 1997 முதல் ஒரு திட்டமே நடைபெறுகிறது. நம் நாட்டிலோ, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. தாழியின் மதிப்பை எந்த ரூபாயால் அளப்பது?

அந்த மணியை ஆசிரியர் வழியாக அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தேன். உடைத்த தாழியை யாரிடம் ஒப்படைப்பேன்? அந்த இரும்பு வாளா, அரிவாளா? அதனோடு புதைக்கப்பட்டவர் வீரரா, உழவரா? இவற்றையெல்லாம் ஒரு கல்லெறியில் நாங்கள் அழித்துவிட்டோம்.

இன்றும் எங்கள் ஊரில் மழை பெய்கிறது, மண் கரைகிறது. ஒரு பானையின் விளிம்பு உங்கள் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு உரியவர்களிடம் சொல்லுங்கள். அதன் உள்ளே பொன்னினும் அரியது ஒன்று இருக்கிறது.