கவசம் போட்ட கேபிளும் கடல் காற்றும்

பி.காம். படித்த பேங்க் ஆபீசருக்குக் கேபிளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் கடை கட்ட லோன் கேட்டு வருகிறவர்களின் எஸ்டிமேட்டைத் தினமும் படித்தால் கொஞ்சம் தெரிந்துதான் தீரும். 2025 மே 2-ஆம் தேதி விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்ட பிறகு என் டேபிளில் அந்த மாதிரி ஃபைல்கள் கூடிவிட்டன.

எல்லாவற்றிலும் ஒரு வரி இருக்கும்: ஆர்மர்டு கேபிள். உள்ளே செம்போ அலுமினியமோ, மேலே இன்சுலேஷன், அதற்கு மேல் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிச் சுற்று, கடைசியில் பிவிசி உறை. மீட்டர் போர்டிலிருந்து மாடிக்குச் சுவரோடு வெளியே தெரிகிற மாதிரி போகும்.

அமெரிக்காவில் இதற்குத் தம்பி முறை, 'மெட்டல் கிளாட்' கேபிள். அங்கே விதி கறார். பொதுவாக 6 அடிக்கு ஒரு கிளாம்ப். சின்ன கேபிள் என்றால் பெட்டியிலிருந்து 12 அங்குலத்துக்குள் ஒன்று. சுவரை ஒட்டியே போகவேண்டும், அடிபடுகிற இடத்தில் போடக்கூடாது. நமக்கும் ஐஎஸ் 732 இருக்கிறது, எர்த்துக்கு ஐஎஸ் 3043 இருக்கிறது, தேசிய மின் விதித்தொகுப்பின் 2023 பதிப்பும் இருக்கிறது. எஸ்டிமேட்டில்தான் இருப்பதில்லை!

ஒரு கஸ்டமர் கேட்டார்: "கேபிளே இரும்புச் சட்டை போட்டிருக்கே ஸார், அதுக்கு எதுக்குத் தனியா எர்த்து?"

வில்லங்கமே அங்கேதான். உள்ளே இன்சுலேஷன் பழுதாகி அந்த இரும்பைத் தொட்டால் கவசம் முழுக்கக் கரண்ட். அது எர்த்தோடு சரியாகச் சேர்ந்திருந்தால் பெரிய கரண்ட் பாய்ந்து எம்சிபி விழுந்துவிடும். சேராவிட்டால் ஒன்றும் ஆகாது, லைட்டும் ஃபேனும் ஓடும், ஒரு கை வந்து தொடும் வரை. அந்தக் கை வழியாகப் போகும் கரண்ட் 32 ஆம்பியர் எம்சிபிக்குக் கொசுக்கடி. மனிதனுக்கு அதுவே எமன். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்சிசிபி அதற்காகத்தான்.

கவசத்தைப் பெட்டியோடும் எர்த்தோடும் சேர்ப்பது கிளாண்ட். பிவிசி உறையை உரித்துவிட்டு மாட்டுவதால் இரும்பு காற்றைப் பார்க்கும் இடமும் அதுதான். இங்கே உப்புக் காற்று முதலில் கடிப்பது அந்த இடத்தை. துரு ஏறினால் எர்த் தொடர்பும் போச்சு. ஈரம் புகாத டபுள் கம்ப்ரெஷன் கிளாண்ட், அதன் மேல் பிவிசி தொப்பி, துருப்பிடிக்காத கிளாம்ப், இவை கடற்கரையில் ஆடம்பரம் இல்லை.

ஆனால் ரேட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது இவைதான். கேபிளின் மீட்டர் கணக்கு எல்லோர் கண்ணிலும் படும், கிளாண்டை யார் எண்ணுகிறார்கள்?

வெளியே ஓடும் கேபிளில் ஒரு நல்லது, துருவைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் கடை வைத்திருக்கும் நண்பர்களே, வருஷத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயினை அணைத்துவிட்டு கிளாண்ட்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் ரெசிஸ்டன்ஸ் அளந்து எழுதி வாங்குங்கள். கட்டடத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும். காலையில் கடையைக் கழுவித் துடைக்க வருகிற அம்மாவுக்கு அந்த எர்த் கம்பிதான் இன்ஷூரன்ஸ்.